சாட்சி சொல்ல இயலாத காலங்களில்



ஞாயிறு ஆராதனையில் துதி வேளை முடிந்தபின் போதகர் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்து, "சாட்சி உள்ளவர்கள் சுருக்கமாய்ச் சொல்லலாம்" என்று அழைக்கும் நேரத்தை நீங்கள் அறிவீர்கள். ஒரு தாயார் எழுந்து, ஆறு மாதமாய் வாட்டிய வயிற்று வலி ஜெபத்தினால் நீங்கிற்று என்பார். ஒரு தகப்பனார், மகனுக்கு வேலை கிடைத்ததைச் சொல்லுவார். இன்னொரு சகோதரி, வீட்டு உரிமையாளர் மனமிரங்கி முன்பணத்தைக் குறைத்துக்கொண்டதைச் சொல்லிக் கண்கலங்குவார். மலையையும் கிராமத்தையும் விட்டுப் பட்டணத்திற்குப் பிழைக்க வந்த நமக்கு இவையெல்லாம் சிறிய காரியங்கள் அல்ல. சபையார் ஸ்தோத்திரம் சொல்ல, சாட்சி சொன்னவர் உட்காருவார். நானும் அப்படி எழுந்து நின்றிருக்கிறேன். கர்த்தர் செய்த நன்மையைச் சபையில் அறிக்கையிடுவது நல்லதே.

ஆனால் அந்த நேரத்தில் எழுந்திராமல் தலை குனிந்து உட்கார்ந்திருப்பவர்களை நீங்கள் கவனித்ததுண்டா? அவர்களுக்கு விசுவாசம் இல்லாமல் இல்லை. அவர்களுடைய காரியம் பாதியில் நிற்கிறது, அவ்வளவுதான். நோய் இன்னும் தீரவில்லை. போனவர் இன்னும் திரும்பவில்லை. ஜெபித்தேன், கர்த்தர் கொடுத்தார் என்று முடிக்க அவர்களிடத்தில் முடிவு இல்லை. ஏறக்குறைய இரண்டு வருஷகாலம் என் தாயார் அந்தக் கூட்டத்தில் ஒருவராய் இருந்தார்கள். அவர்களைக் குறித்தும், அவர்கள் பிறந்து உழைத்த மலையைக் குறித்துமே இம்மாதம் உங்களுக்கு எழுதுகிறேன்.

கோயம்புத்தூரிலிருந்து பார்த்தால் ஆனைமலைத் தொடரின் வடக்கு அடிவாரத்தில் பாலக்காட்டுச் சமவெளி. தெற்கே மலையின் உச்சியில் இடுக்கி மாவட்டத்து மூணாறு. வரைபடத்தில் இரண்டும் கேரளம். ஆனால் சித்தூர், கொழிஞ்சாம்பாறை வட்டாரத்து வயல்களிலும், மூணாற்றின் தேயிலைக் காடுகளிலும் கேட்கிற மொழி பெரும்பாலும் தமிழ்தான். மூணாற்று எஸ்டேட்டுகளுக்கு நம் ஜனங்கள் நான்கைந்து தலைமுறைகளுக்கு முன்பே திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் மதுரைப் பக்கத்திலிருந்தும் ஏறிப் போனார்கள். என் தாயாரின் பாட்டி அப்படி ஏறினவர்களில் ஒருத்தி.

லயத்து வாழ்க்கை இன்னதென்று அறியாத வாசகர்களுக்காகச் சில வரிகள். ஒரே கூரையின் கீழ் வரிசையாகச் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் அடுத்த வீட்டில் தும்மல் கேட்கும். ஒரு வீட்டில் ஜெபித்தால் மறு வீட்டார் ஆமென் சொல்லுவார்கள். விடியுமுன்னே எழுந்து, கஞ்சியோ ரொட்டியோ கட்டிக்கொண்டு, இடுப்பில் படங்கைச் சுற்றி, தலையில் கம்பளியைப் போட்டுக்கொண்டு மலைச்சரிவில் ஏறவேண்டும். என் தாயார் வேலை செய்த காலத்தில் ஒரு நாளைக்கு 21 கிலோ கொழுந்து கணக்கு. அட்டை கடித்த இடத்தில் புகையிலையையும் உப்பையும் தேய்த்துக்கொண்டு அவர்கள் பாமாலை பாடிக்கொண்டே கொழுந்தெடுத்ததை நான் பள்ளி விடுமுறை நாட்களில் கண்டிருக்கிறேன். வேலை உள்ளமட்டும் வீடு உண்டு. 58 வயதில் ஓய்வு பெற்றதும், பிள்ளைகளில் எவரும் அங்கே வேலைக்குப் பதியாவிட்டால், வீட்டைக் காலிசெய்யவேண்டும். பிறந்த வீடு, மணமுடித்து வந்த வீடு, பிள்ளை பெற்ற வீடு எல்லாம் ஒன்றாகவே இருந்தாலும் அது நம்முடையதல்ல.

பாட்டி சொன்ன கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது ரயில் கதை. ஒரு காலத்தில் மூணாற்றில் ரயில் ஓடியது என்றால் இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள். 1902-இல் ஒற்றைத் தண்டவாளத்தில் மாடுகள் இழுக்கும் வண்டியாகத் தொடங்கி, 1908-இல் சிறு நீராவி ரயிலாக மாறி, குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாய் டாப் ஸ்டேஷன் வரை தேயிலைப் பெட்டிகளைச் சுமந்தது. 1924 ஜூலையில் பெருமழை வந்தது. கொல்லம் ஆண்டு 1099 ஆனபடியால் மலையாள ஜனங்கள் அதைத் தொண்ணூற்றொன்பதாம் வருஷத்து வெள்ளம் என்பார்கள். அந்த வெள்ளத்தில் தண்டவாளமும் பாலங்களும் போயின. ஊர் மறுபடியும் எழும்பிற்று. தேயிலை மறுபடியும் துளிர்த்தது. ரயில் மட்டும் திரும்ப வரவேயில்லை. பாட்டி கதையை அந்த இடத்தில் நிறுத்திவிடுவாள். "பிறகு என்ன ஆயிற்று?" என்று கேட்டால், "பிறகு நடந்துதான் போனோம்" என்பாள்.

2015 செப்டம்பரை என் தாயார் மறக்கமாட்டார்கள். முந்தின வருஷம் 19 சதவீதமாயிருந்த போனஸ் 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. நாட்கூலி அப்பொழுது 232 ரூபாய். தொழிற்சங்கத் தலைவர்களை நம்பிப் பயனில்லை என்று கண்ட பெண்கள் தாங்களே திரண்டு மூணாற்றுச் சாலையில் உட்கார்ந்தார்கள். பெண்கள் ஒற்றுமை என்னும் பொருளில் 'பொம்பிளை ஒருமை' என்பது அவர்கள் இயக்கத்தின் பெயராயிற்று. ஒன்பது நாட்கள் சாலை அடைபட்டது. வேலை நிறுத்தத்தில் விசுவாசிகள் உட்காரலாமா என்ற கேள்வி எங்கள் ஜெபவீட்டில் எழுந்தது. மூப்பர் ஒருவர் கூடாதென்றார். என் தாயார் விவாதிக்கவில்லை. அதிகாலையில் முழங்காற்படியிட்டு ஜெபித்துவிட்டு, தலைவாரி, சாலைக்குப் போய் மற்றப் பெண்களோடு உட்கார்ந்துகொண்டார்கள். முடிவில் போனஸும் கருணைத்தொகையுமாகச் சேர்ந்து 20 சதவீதம் கிடைத்தது. ஆனால் அவர்கள் கேட்ட 500 ரூபாய் நாட்கூலி கிடைக்கவில்லை. அடுத்த மாதத்தில் 301 ரூபாய் என்று முடிவாயிற்று. இதையும் அவர்கள் அடுத்த ஞாயிறு சாட்சியாகச் சொன்னார்கள். பாதி கிடைத்ததற்குச் சாட்சி சொல்லக்கூடாதா என்ன?

அடுத்த வருஷம் ஓய்வு. பாத்திரங்களைக் கம்பளியில் மூட்டையாகக் கட்டி, மறையூர், சின்னாறு வழியாய் உடுமலைப்பேட்டைக்கு இறங்கி, கோயம்புத்தூரில் நான் வாடகைக்கு இருந்த இரண்டு அறை வீட்டிற்கு வந்து சேர்ந்தார்கள். வந்த புதிதில் அவர்களுக்கு இரவில் தூக்கம் வராது. ஓடைச் சத்தம் இல்லை என்பார்கள். ஆனாலும் சபையில் ஐக்கியமானார்கள். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்திற்கு முதலாவது வந்து பாய் விரிக்கிறவர்கள் அவர்கள்தான்.

பிறகு 2020 வந்தது.

அந்த வருஷத்தின் ஆகஸ்டு 6-ஆம் தேதி இரவு, ராஜமலைக்கு அப்பால் நயமக்காடு எஸ்டேட்டின் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின்மேல் விழுந்ததைச் செய்தித்தாள்களில் வாசித்திருப்பீர்கள். நாள்முழுதும் பெய்த மழையில் வேலை முடித்து வந்து, உண்டு, உறங்கத் தொடங்கியிருந்த ஜனங்கள். நோய்த்தொற்றினால் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டிருந்தபடியால் பிள்ளைகளும் வீட்டில் இருந்தார்கள். மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போயிருந்ததால் வெளியுலகம் அறிய மறுநாட்காலை ஆயிற்று. பெரியவரையில் இருந்த தற்காலிகப் பாலமும் வெள்ளத்தில் சேதப்பட்டிருந்தது. மீட்க வந்தவர்களின் வாகனங்கள் அங்கே தடைப்பட்டன. மரித்தவர்கள் 70 பேர். அவர்களில் 66 பேருடைய சரீரங்கள் கிடைத்தன. சிலருடையவை பல நாட்களுக்குப்பின் ஆற்றில் வெகுதூரம் கீழே கிடைத்தன. நான்கு பேர் இன்றுவரை கிடைக்கவில்லை. அவர்களில் பலருடைய பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு. அதே ஆகஸ்டு 7-ஆம் தேதி மாலையில் கரிப்பூரில் விமானம் விபத்துக்குள்ளாகி 21 பேர் மரித்தார்கள். அங்கே மரித்தவர்களின் குடும்பங்களுக்கு மாநில அரசு 10 லட்சமும், பெட்டிமுடிக் குடும்பங்களுக்கு 5 லட்சமும் அறிவித்தது. என் தாயார் அந்தச் செய்தியைக் கேட்டு ஒன்றும் பேசவில்லை. சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களைக் கழுவத் தொடங்கினார்கள். கழுவிய பாத்திரங்களையே மறுபடியும் கழுவினார்கள்.

பெட்டிமுடியில் அவர்களுக்குத் தோழி ஒருத்தி இருந்தாள். இளவயதில் ஒரே மலையில் கொழுந்தெடுத்தவர்கள். பெயரை எழுதவேண்டாம் என்பது தாயாரின் விருப்பம். மூன்று நாட்கள் தாயார் அவளுடைய எண்ணை அழைத்துக்கொண்டே இருந்தார்கள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக அந்தக் குரல் தமிழிலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் சொல்லிக்கொண்டே இருந்தது. நான்காம் நாள் பட்டியலில் அவள் பெயர் வந்தது. அடக்கத்திற்குப் போக வழியில்லை. எல்லையைக் கடக்க அனுமதிச் சீட்டு வேண்டும். நெருங்கிய இரத்த உறவினர்களே அதைப் பெறத் திண்டாடினார்கள். ராஜமலையில் அருகருகே குழிகள் வெட்டி அடக்கம் செய்ததைத் தொலைக்காட்சியில்தான் பார்த்தோம். குழிகளைப் பார்த்துக்கொண்டே தாயார் எண்ணினார்கள். கொழுந்து நிறுக்கும்போது எடை எண்ணுவதுபோல உதடுகள் அசைந்தன.

ஆராதனைக் கூடங்களும் அந்நாட்களில் மூடப்பட்டிருந்தன. தொலைபேசியில் பலரும் இணைந்து ஜெபிக்கும் கூட்டம் ஒன்று எங்களுக்கு உண்டு. அதில் ஒரு சகோதரர், மரித்தவர்களுக்காகத் துக்கப்படுகிறோம் என்று தொடங்கி, தேவன் இதை ஏன் அனுமதித்தார் என்று விளக்கத் தலைப்பட்டார். அந்த ஜனங்கள் ஆயத்தமாயிருந்தார்களோ என்று கேட்டார். நம்மைக் காத்தவருக்கு ஸ்தோத்திரம் என்று முடித்தார். அவர் தீமை நினைத்துப் பேசினவர் அல்லர். துக்கத்தின் அருகே வந்து என்ன செய்வதென்று அறியாமல் பேசிவிடுகிற அநேகரில் ஒருவர். என் தாயார் தொலைபேசியை மெதுவாய் என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனார்கள். அதன்பின் அந்த ஜெபத்தில் அவர்கள் இணையவில்லை. கூடங்கள் திறந்தபின் ஆராதனைக்கு வந்தார்கள், பாய் விரித்தார்கள், பாடினார்கள். சாட்சி நேரத்தில் மட்டும் தலை குனிந்துகொண்டார்கள்.

அந்நாட்களில் நான் வேதத்தை வேறு கண்களோடு வாசிக்க நேர்ந்தது. யோபின் சிநேகிதர் மூவரை நாம் பிரசங்கங்களில் எப்பொழுதும் திட்டுகிறோம். ஆனால் அவர்கள் முதலில் நல்லதொன்று செய்தார்கள்: ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். எட்டாம் நாள் வாயைத் திறந்தபின்தான் கெட்டுப்போயிற்று. விளக்கம் சொல்லச் சொல்ல, யோபின் காயம் பெரிதாயிற்று. முடிவில் தேவன் கோபங்கொண்டது கேள்வி கேட்ட யோபின்மேல் அல்ல, விளக்கம் சொன்னவர்கள்மேல்.

இன்னொன்று. யோபுக்கு எல்லாம் இரட்டிப்பாய்த் திரும்பக் கிடைத்தது என்று நாம் வாக்குத்தத்தமாகப் பேசுகிறோம்; புத்தாண்டு அட்டைகளில் அச்சிடுகிறோம். கடைசி அதிகாரத்தை நிதானமாய் வாசித்துப் பாருங்கள். ஆடுகள் இரட்டிப்பாயின, ஒட்டகங்கள் இரட்டிப்பாயின, ஏர்மாடுகளும் கழுதைகளும் அப்படியே. பிள்ளைகள் மட்டும் இருபது அல்ல, முன்போலவே பத்து. முந்தின பத்துப் பேருக்கு ஈடாக எவரும் கொடுக்கப்படவில்லை. ஈடு கொடுக்கக்கூடிய கணக்கில் தேவன் அவர்களைச் சேர்க்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. அவர்கள் இன்னும் யோபின் பிள்ளைகள்தான்; உயிர்த்தெழுதலின் நாள்வரைக்கும் அவன் அவர்களுக்காகக் காத்திருக்கவேண்டியவன். இதை வாசித்தபோது பாட்டியின் ரயில் நினைவுக்கு வந்தது. திரும்ப வராதவை உண்டு என்று ஒப்புக்கொள்ளாத நம்பிக்கையைத் துக்கப்படுகிறவனிடம் கொண்டுபோனால் அவன் அதை எங்கே வைப்பான்?

புலம்பல் சங்கீதங்களிலும் பெரும்பாலானவை துதியில் முடியும். 88-ஆம் சங்கீதம் அப்படியல்ல. துன்பத்தில் தொடங்கித் துன்பத்திலேயே முடிகிறது. எபிரெய மூலத்தில் அதன் கடைசிச் சொல் இருள் என்பதே. அதையும் பரிசுத்த ஆவியானவர் ஆராதனைப் பாட்டுப் புத்தகத்தில் வைத்திருக்கிறார். அப்படியானால் தேவாலயத்திலே ஒரு நாள், முடிவில்லாத அந்தச் சாட்சியையும் கோராகின் புத்திரர் எழுந்து நின்று பாடியிருக்கவேண்டும் அல்லவா?

பெட்டிமுடியில் அதிகாரிகளின் தேடுதல் ஏறக்குறைய மூன்று வாரத்தில் நின்றது. அதன்பின்பும் பிள்ளையைத் தேடி ஆற்றங்கரையில் அலைந்த தகப்பனைப் பற்றிச் செய்திகள் வந்தன. மண்மேட்டையும் ஆற்றையும் முகர்ந்து அலைந்த ஒரு நாயையும் நீங்கள் நினைவில் வைத்திருக்கலாம். தன்னோடு விளையாடிய குழந்தையின் சரீரம் ஆற்றில் மரத்தின் அடியில் சிக்கியிருந்த இடத்தை எட்டு நாளுக்குப்பின் அது காட்டிக்கொடுத்தது. இந்தச் செய்திகளைக் கேட்ட தாயார்தான் எனக்கு ரிஸ்பாளை நினைப்பூட்டினார்கள். சவுலின் மறுமனையாட்டியாகிய ரிஸ்பாளைக் குறித்து நம் மேடைகளில் பிரசங்கம் கேட்டது அபூர்வம். அவளுடைய குமாரர் இருவர், வேறு ஐந்து பேரோடு, அறுப்புக் காலத்தின் தொடக்கத்தில் மலையின்மேல் கொல்லப்பட்டு அடக்கமின்றி விடப்பட்டார்கள். அவள் இரட்டைக் கன்மலையின்மேல் விரித்து, மழை பெய்யும்வரைக்கும், பகலில் பறவைகளையும் இரவில் காட்டு மிருகங்களையும் அண்டவிடாமல் அங்கே இருந்தாள். அவளிடத்தில் தீர்க்கதரிசி ஒருவனும் வரவில்லை. தூதன் தோன்றவில்லை. அவள் ஜெபித்ததாகக்கூட எழுதப்படவில்லை. அவள் அங்கிருந்து போகவில்லை என்பதே எழுதப்பட்டிருக்கிறது. செய்தி தாவீதுக்கு எட்டியபோது ராஜாவின் இருதயம் அசைந்தது. சவுலின் எலும்புகளையும் யோனத்தானின் எலும்புகளையும் வரவழைத்து, கொல்லப்பட்டவர்களின் எலும்புகளையும் சேர்த்து, மரியாதையாய் அடக்கம் செய்வித்தான். தேசத்துக்காகச் செய்யப்பட்ட விண்ணப்பத்தைத் தேவன் கேட்டருளியது அதற்குப் பின்புதான் என்று அந்த அதிகாரம் சொல்லுகிறது.

"அவள் விசுவாசி இல்லை என்று யார் சொல்லமுடியும்?" என்று தாயார் கேட்டார்கள். நான் பதில் சொல்லவில்லை.

எங்கள் சபையில் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து வந்த சகோதரி ஒருவர் உண்டு. ஒரு நாள் அவர் தாயாரைப் பார்க்க வந்து, நெடுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்து, பின்பு தங்கள் ஊருக்கு அடுத்த பிளாச்சிமடையைப் பற்றிச் சொன்னார். பெருமாட்டிப் பஞ்சாயத்தில் 2000-இல் கோகோ கோலா தொழிற்சாலை வந்தது. சுற்றுப்புறத்துக் கிணறுகள் வற்றுவதையும், தண்ணீர் குடிக்கத் தகாததாய் மாறுவதையும் கண்ட ஜனங்கள் 2002 ஏப்ரல் 22-ஆம் தேதி தொழிற்சாலைக்கு எதிரே ஓலைப்பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். அதிகமானோர் எரவாளர், மலசர் என்னும் பழங்குடிகள், தமிழ் பேசுகிறவர்கள். முன்நின்றவர் மயிலம்மா என்னும் எரவாளப் பெண். கூலி வேலைக்குப் போய் வந்து உட்காருவார்கள், முறைவைத்து உட்காருவார்கள். ஏறக்குறைய இரண்டு வருஷத்துக்குப்பின் 2004 மார்ச்சில் தொழிற்சாலை நின்றது. மயிலம்மா 2007 ஜனவரியில் மரித்தார். நஷ்டம் 216 கோடி ரூபாய்க்குமேல் என்று 2010-இல் அரசு அமைத்த குழு கணக்கிட்டது. 2011-இல் கேரளச் சட்டசபை அதற்கென நிறைவேற்றிய மசோதாவுக்கோ குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்காமற்போயிற்று.

மயிலம்மா நம்முடைய விசுவாசத்தைச் சேர்ந்தவர் அல்லர். அவரை நம்முடைய சாட்சியாக மாற்றிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. அந்தச் சகோதரியும் அதற்காகச் சொல்லவில்லை. "அக்கா, அந்தப் பந்தலில் யாரும் நீளமாய்ப் பேசமாட்டார்கள். வந்து உட்காருவார்கள். ஒரு குடத்துத் தண்ணீரை எல்லாரும் குடிப்பார்கள்" என்றார். தாயார் அன்றைக்குத்தான் நெடுநாளுக்குப்பின் அழுதார்கள். வந்தவர் ஆறுதல் வசனம் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து கட்டன் சாயா போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த வாரமும் வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். லாசருவை எழுப்பப்போகிறேன் என்று அறிந்திருந்த நம்முடைய ஆண்டவரே, கல்லறையண்டை போகுமுன் அவனுடைய சகோதரிகளோடு நின்று அழுதார். முடிவை அறிந்தவர் அழ நேரம் எடுத்துக்கொண்டார். முடிவை அறியாத நாம் ஏன் இத்தனை அவசரப்படுகிறோம்?

2022-ஆம் வருஷம் நினைவு நாளுக்குச் சில தினங்களுக்குப்பின் தாயாரை ராஜமலைக்கு அழைத்துப்போனேன். உடுமலைப்பேட்டையிலிருந்து பேருந்து. சின்னாற்றுச் சோதனைச்சாவடி தாண்டியதும் ஜன்னலைத் திறக்கச் சொன்னார்கள். மறையூரில் கரும்பு காய்ச்சும் வாசனை வந்தது. அடக்கம்பண்ணப்பட்ட இடத்தில் தோழியின் கல்லைக் கண்டுபிடித்து அருகே உட்கார்ந்தார்கள். சாரல் விழுந்தது. குடையை விரித்து நான் பக்கத்தில் நின்றேன். ஒரு மணி நேரத்துக்குமேல் இருந்திருப்போம். அங்கிருந்து எழும்பும்போதுதான் கேட்டார்கள்: "அந்த நாலு பேருக்குக் கல்லை எங்கே வைப்பது?"

பேருந்தில் திரும்பி வரும் வழியில், கேட்காமலே, தாமே பதிலும் சொன்னார்கள். சமுத்திரமே தன்னிடத்திலுள்ள மரித்தோரை ஒப்புவிக்கும் நாள் ஒன்றைப் பத்மு தீவிலே யோவான் கண்டானே. சமுத்திரத்துக்கே அந்தக் கட்டளை என்றால், ஒரு மலையாற்றுக்கு எம்மாத்திரம்? கர்த்தருக்கு இடம் தெரியும். இவ்வளவுதான் அவர்கள் சொன்னது. பட்டம் பெற்ற வேதபண்டிதர்களிடத்தில் நான் உயிர்த்தெழுதலைக் குறித்துப் பல பிரசங்கங்கள் கேட்டிருக்கிறேன். சின்னாற்றுக் காட்டுவழியில் குலுங்குகிற பேருந்தில் கேட்டதுதான் எனக்குள் தங்கியிருக்கிறது.

அந்த வருஷம் அக்டோபரில், எவரும் எதிர்பாராத ஒரு ஞாயிறு, சாட்சி நேரத்தில் தாயார் எழுந்தார்கள். ஒலிபெருக்கியை வாங்கவில்லை. "பெட்டிமுடியில் எழுபது பேர் மரித்தார்கள். என் தோழி ஒருத்தி. நாலு பேர் இன்னும் கிடைக்கவில்லை. நான் இன்னும் ஜெபிக்கிறேன். காரியம் முடியவில்லை. கர்த்தர் என்னோடு இருக்கிறார்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்கள். சபையில் வழக்கமாய் எழும்பும் ஸ்தோத்திர சத்தம் எழும்பவில்லை. எங்கள் போதகர் ஞானமுள்ளவர். விளக்கம் ஒன்றும் கூட்டவில்லை. கண்களை மூடி நெடுநேரம் நின்றார். அதன்பின், ஏழு வருஷமாய்ப் படுக்கையில் கிடக்கும் கணவரைக் கவனிக்கிற ஒரு தாயார் எழுந்தார்கள். இதுவரை அவர்கள் சாட்சி சொல்லி நான் கேட்டதில்லை. "அவருக்கு இன்னும் சுகமில்லை. இன்றைக்கும் குளிப்பாட்டிவிட்டுத்தான் வந்தேன்" என்றார்கள். பின்பு திருப்பூரில் வேலை இழந்து வந்த ஒரு வாலிபன் எழுந்தான். அன்றைக்குப் பிரசங்கத்திற்கு நேரம் குறைந்துபோயிற்று. எவரும் குறைசொன்னதாகத் தெரியவில்லை.

வாசகரே, உங்கள் வீட்டிலும் முடியாத காரியம் ஒன்று இருக்கலாம். பட்டணத்தில் நமக்கு அடுத்த வீட்டாரின் பெயர்கூடத் தெரிவதில்லை. லயத்தில் சுவருக்கு அப்பாலிருந்து வந்த ஆமென் இங்கே இல்லை. ஆகையால் உங்களுக்குச் சொல்லத் துணிகிறேன்: முடிவு வரட்டும் என்று காத்திராமல், நடுவிலேயே வந்து உட்காருங்கள். உங்கள் அருகே அப்படி ஒருவர் உட்கார்ந்திருந்தால் கொழிஞ்சாம்பாறைச் சகோதரி செய்ததைச் செய்யுங்கள். அடுத்த வாரமும் போவது முக்கியம். முதல் வாரம் எல்லாரும் போவார்கள்.

2024 ஜூலை 30-ஆம் தேதி அதிகாலையில் வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணில் புதைந்து 250-க்கும் மேற்பட்டோர் மரித்தபோது, அந்தச் செய்தியைத் தாயாரிடமிருந்து மறைக்க நினைத்துத் தொலைக்காட்சியை நிறுத்தினேன். அவர்கள் அதை மறுபடியும் போடச் சொன்னார்கள். லயங்கள் இருந்த இடம் எது, ஆறு எது என்று திரையில் விரலால் காட்டினார்கள். அன்று உபவாசம் இருந்தார்கள்.

அந்த வருஷத்திலிருந்து மழைக்காலத்தில் அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டாயிற்று. செய்தியில் இடுக்கிக்குச் சிவப்பு எச்சரிக்கை என்று கேட்டால், இரவு சாப்பாட்டுக்குப்பின் பழைய நோட்டுப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்காருவார்கள். மலையில் இன்னும் வேலையிலிருக்கிற பெண்களின் எண்கள் அதில் இருக்கின்றன. ஒவ்வொருவரையும் அழைத்து, மழை எப்படி, ஓடை கலங்கி வருகிறதா, பிள்ளைகள் எங்கே படுத்திருக்கிறார்கள் என்று கேட்பார்கள். இரண்டு வரி ஜெபம். பிறகு அடுத்த எண். ஒருத்திக்கு மட்டும் தொடர்பு கிடைக்காவிட்டால் நோட்டுப்புத்தகத்தை மூடமாட்டார்கள். விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கும்படி நான் சொல்லுவேன். "நீ படு" என்பார்கள். போன ஜூலையில் ஒரு நாள் அப்படியே விடிந்துவிட்டது. காலை ஆறரை மணிக்கு மணி அடித்தது. அந்தப் பெண் வேலைக்குப் போகும் வழியில் மேட்டில் ஏறி நின்று அழைத்திருந்தாள். இரவு கோபுரம் வேலை செய்யவில்லையாம். தாயார் அவளைக் கேட்ட முதல் கேள்வி, காலையில் என்ன சாப்பிட்டாய் என்பதுதான்.